வெண்ணெய்கூட வேண்டாமாம்

ஏக்பி
ஏப்ரல் 6

அன்புத் தம்பி ஆல்கோட்டுக்கு,

அக்கா குன்வோர் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? போன் செய்தால் ‘ம்’ என்கிறாய், இன்னொரு ‘ம்’ சொல்கிறாய், வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். காகிதத்தில் ‘ம்’ என்று மட்டும் எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும் அல்லவா?

ஏரிக்குப் பெருங்கொக்குகள் வந்து இறங்கிவிட்டன. அவற்றைப் பார்க்கப் பட்டணத்துக்காரர்களும் வந்து இறங்குகிறார்கள். போன வியாழக்கிழமை மதியம் கடையில் பட்டாணி சூப்புக்குக் கூட்டம் நெரிகிற நேரம். கழுத்தில் பைனாகுலரோடு ஒரு பையனும் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள்.

“சூப்புல பன்றிக்கறி போடுவீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“போடாம? நெறையவே போடுவோம், கவலப்படாதம்மா.”

“இல்லீங்க, நாங்க வீகன்.”

“அப்ப பான்கேக் சாப்பிடுங்க.”

“பால், முட்டை சேராதுங்க.”

“ரொட்டியும் வெண்ணெயும் தரட்டுமா?”

“வெண்ணெயும் வேண்டாங்க.”

வெண்ணெய்கூட வேண்டாமாம்! ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஏவர்ட் சும்மா இருப்பாரா? “குன்வோர், பின்கதவத் தொறந்து விடு. புல்லு நல்லா மொளச்சிருக்கு, மேய்ஞ்சுட்டு வரட்டும்” என்றார். கடையே சிரித்தது. அந்த இரண்டு பேரும்கூடச் சிரித்தார்கள், நல்ல பிள்ளைகள். கடைசியில் வேகவைத்த உருளைக்கிழங்கு, ஊறவைத்த பீட்ரூட், மொறுமொறு ரொட்டி, கடுகு விழுது, பீர். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. எங்கள் சமையல்காரி தெக்லாவுக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. “இத்தன வருஷம் அடுப்புல வெந்தும் வெறும் கெழங்க வச்சு அனுப்புறேனே” என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

சரி, உண்மையான சேதிக்கு வருகிறேன். அந்த ஏவர்ட்டைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். ஆமாம், ஊரார் புகைக்கூண்டையெல்லாம் சுத்தம் செய்கிற அதே ஏவர்ட். என் வீட்டுக்காரர் ரூனே போனபின் தனியாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. ஆகஸ்ட் 23, தேவாலயம் முடிந்ததும் விருந்து நம் கடையில். நீ எழுந்து நின்று கோப்பையை உயர்த்தி நாலு வார்த்தை பேச வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கடைப் படியில் நீ கால் வைத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
குன்வோர்

*

லிக்செலே
மே 2

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். முதுகு பரவாயில்லை. இங்கே இன்னும் பனி கிடக்கிறது. நாற்றுப் பண்ணையில் பைன் விதை போட்டாயிற்று. கூடாரத்துக்குள் காலையில் போனால் ஈர மண் வாசனை. வேலை பிடித்திருக்கிறது.

கல்யாணச் சேதி கேட்டு மகிழ்ச்சி. நிஜமாகவே. ஏவர்ட் நல்ல மனுஷன்.

அந்தக் கொக்குப் பார்க்க வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கு கொடுத்தேன் என்று எழுதியிருந்தாயே, அதில் மேலே என்ன போட்டாய்? டில் கீரை இருந்ததா? சும்மா கேட்கிறேன்.

தெக்லாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ஆல்கோட்

*

ஏக்பி
மே 9

தம்பி,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். நான் கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்கிறேன், நீ கிழங்குக்கு மேலே என்ன போட்டாய் என்று கேட்கிறாய். டில் போட்டேன், உப்புப் போட்டேன். போதுமா?

இப்போது நான் கேட்டதற்கு வா. ஏவர்ட் நல்ல மனுஷன் என்று எழுதிவிட்டு, வருகிறேன் என்று எழுதாமல் விட்டிருக்கிறாய். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு என்னவோ தோன்றுகிறது. உன் பன்றிக் கொட்டகை தீப்பிடித்த அந்தக் காலையில், ஊர்த் தொண்டர்களின் தீயணைப்பு வண்டியிலிருந்து முதலில் குதித்தவர் அவர்தான். உள்ளே ஓடப் போன உன்னை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்துப் போட்டவரும் அவர்தான். அந்தக் கோபம் இன்னும் உனக்கு இருக்கிறதா? இருந்தால் என்னிடம் சொல். நான் நடுவில் நின்று சமாதானம் செய்துவைக்கிறேன், கடையில் தினமும் செய்கிற வேலைதானே.

விருந்துக்கு என்ன என்று முடிவாகிவிட்டது. முழுப் பன்றித் தொடையை விடியற்காலையிலிருந்து அடுப்பில் வைத்து, தோல் மொறுமொறுவென்று வெடிக்கிற மாதிரி. கிழங்கு மசியல். அப்புறம் உனக்குப் பிடித்த உருளைக்கிழங்கு அடை, அதன் மேல் வறுத்த பன்றி இறைச்சியும் லிங்கன் என்கிற புளிப்புக் காட்டுப் பழமும். உன் தட்டில் மட்டும் இரண்டு மடங்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படித்து நாக்கில் தண்ணீர் ஊறவில்லை என்றால் நீ என் தம்பியே இல்லை. பதில் உடனே போடு.

குன்வோர்

*

லிக்செலே
ஜூன் 20

அன்புள்ள அக்கா,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. இன்று கோடைத் திருநாள், எல்லாரும் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். அறையில் நான் மட்டும்.

ஏவர்ட் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. அதை அவரிடம் நீயே சொல்லிவிடு.

ஆகஸ்டில் நாற்றுகளை லாரியில் ஏற்றி அனுப்பும் வேலை. முதுகும் மறுபடி பிடித்துக்கொண்டது. அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியுமா தெரியவில்லை. வர முடியாது என்றுதான் நினைக்கிறேன். மன்னித்துக்கொள்.

ஒரு பெட்டியில் காட்டுப் பழ ஜாம் அனுப்பியிருக்கிறேன். போன வருஷம் நானே பறித்துச் செய்தது. கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்கோட்

*

ஏக்பி
ஜூலை 1

ஆல்கோட்டுக்கு,

நான் நலமாக இல்லை. கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் முதுகுக்கு மருந்து அனுப்பலாமே என்று நாற்றுப் பண்ணைக்குப் போன் செய்தேன். உங்கள் மேற்பார்வையாளர் ராக்ன்ஹில்ட் எடுத்தாள்.

“முதுகா? யாருக்கு? ரெண்டு ரெண்டு தட்டா நாத்தத் தூக்கிட்டு நடக்குறாரே” என்றாள்.

“சாப்பிடுறானா ஒழுங்கா?”

“ஓ, எங்களுக்கெல்லாம் அவர்தான் சமைச்சு எடுத்துட்டு வர்றாரு. அவரக்கொட்டையும் பயறும் போட்டு ஒரு குழம்பு, என்னமா இருக்கும் தெரியுமா! எங்க சாசேஜத்தான் தொடவே மாட்டாரு. பால் ஊத்துன காப்பிகூடக் குடிக்கிறதில்ல. உங்களுக்குத் தெரியாதா? வீகனாச்சே!”

உங்களுக்குத் தெரியாதா என்று ஒரு அந்நியப் பெண் என்னிடம் கேட்கிறாள், ஆல்கோட். என் தம்பியைப் பற்றி. தெரியும், தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம் சரக்கு அறையில் பீர்ப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். அதற்கப்புறம் சிரிப்பு வந்தது. ஊரிலேயே பெரிய பன்றிப் பண்ணை வைத்திருந்தவன், காப்பியில் பால் வேண்டாம் என்கிறானாம்!

இதற்கா ஒளிந்துகொண்டிருக்கிறாய்? கொக்குப் பார்க்க வந்தவர்களை நான் கேலி செய்தது உனக்கு உறைத்துவிட்டதா? நேராகச் சொல், யார் அந்தப் பெண்? இந்த வயதில் ஒரு ஆம்பிளை சாப்பாட்டை மாற்றினால் அதற்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள். அவளையும் கூட்டிக்கொண்டு வா. உங்கள் இரண்டு பேருக்கும் கிழங்கு வேகவைத்துத் தருகிறேன், மேலே டில்லும் போடுகிறேன். எல்லாரும் தொடைக்கறி சாப்பிடும்போது நீங்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நான் இருக்கிறேன்.

பொய் மட்டும் சொல்லாதே.

குன்வோர்

*

லிக்செலே
ஜூலை 12

அன்புள்ள அக்கா,

உன் கோபம் தணிந்து, முழங்காலும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். முதுகைப் பற்றிச் சொன்னது பொய்தான்.

பெண் யாரும் இல்லை. கேலியும் காரணமில்லை. நான் உன் கல்யாணத்துக்கு வந்தால், ஓரமாக உட்கார முடியாது. கடைக்குள்ளேயே வர முடியாது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் வேறு எதையெதையோ எழுதினேன்.

அந்தக் காலையில் நான் கதவைத் திறந்துவிட்டேன், அக்கா. அது உனக்குத் தெரியும். மின்கம்பி புகைய ஆரம்பித்ததுமே திறந்துவிட்டேன். அவை வெளியே வரவில்லை. பன்றிக்கு அதன் இடம்தான் பாதுகாப்பு, பயந்தால் உள்ளேதான் போகும். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் சிலது தலையைத் தூக்கித் தீனித் தொட்டிப் பக்கம் போய் வரிசையாக நின்றன. நான் கூப்பிட்டால் சாப்பாடு என்றுதானே அவற்றுக்குத் தெரியும். அப்போதுதான் ஏவர்ட் என்னைப் பிடித்து இழுத்தார்.

அதற்கப்புறம் வந்த வாசனையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச முடியாது. ஏனென்றால் அது ஊரில் எல்லாருக்கும் பிடித்த வாசனை. உன் கடை வாசனை.

ஒரு மாதம் கழித்து உன்னைப் பார்க்க வந்தேன். உனக்குத் தெரியாது. வியாழக்கிழமை. கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். உள்ளே நீ யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாய், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயத்தோடு பன்றி இறைச்சி வறுபடுகிற வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. வேலி ஓரத்தில் போய் வாந்தி எடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் வடக்கே வேலை தேடினேன். கிடைத்த முதல் வேலை நாற்று.

அப்பா அம்மா போனபின் எனக்கு வீடு என்றால் உன் கடைதான். அதன் வாசனை எனக்கு ஆகவில்லை என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்?

பால், முட்டை எல்லாம் ஏன் என்று கேட்பாய். நல்ல பதில் இல்லை. ஒன்றை விட்டேன், மற்றதும் தொண்டையில் இறங்கவில்லை. நான் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. நீ வறுப்பதை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லவில்லை. அது உன் பிழைப்பு, ஊரின் சந்தோஷம். நீங்கள் நன்றாகக் கொண்டாடுங்கள். நான் இங்கிருந்தே கோப்பையை உயர்த்துகிறேன்.

உன் தம்பி,
ஆல்கோட்

*

ஏக்பி
ஆகஸ்ட் 4

என் அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், நான் மே மாதம் உனக்கு எழுதிய விருந்துப் பட்டியல் ஞாபகம் வரும், எழுந்து போய்விடுவேன்.

உன் கடிதத்தை ஏவர்ட்டிடம் காட்டலாமா என்று உன்னைக் கேட்கவில்லை. காட்டிவிட்டேன். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்புறம் சொன்னார்:

“எனக்கும் அப்படித்தான் குன்வோர்.”

“என்ன அப்படித்தான்?”

“ரெண்டு வருஷமா சூப்புல கெடக்குற கறிய எடுத்து தட்டோரம் ஒதுக்கி வைக்கிறேன். கடுகு விழுதத் தடவி மறைச்சு வச்சிருவேன். நீ ஒருநாளும் பாக்கல.”

“கொலஸ்ட்ரால்னு டாக்டர் சொன்னதா நெனச்சேன்!”

“டாக்டர் ஒண்ணும் சொல்லல.”

என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், ஆல்கோட். தட்டை நான்தான் எடுத்துப் போய்க் கழுவினேன். அப்புறம் நான் கேட்டேன், ஏன் அந்தக் கொக்குப் பிள்ளைகளைக் கேலி செய்தீர்கள் என்று. “பயத்துலதான்” என்றார். “எங்க என் தட்டயும் யாராவது பாத்துருவாங்களோன்னு.”

அதனால் முடிவு செய்துவிட்டோம். கல்யாணத்தன்று நம் அடுப்பில் இறைச்சி ஏறாது. பால், முட்டை, வெண்ணெய் எதுவும் ஏறாது. தெக்லாவிடம் சொன்னதும் கரண்டியைக் கீழே போட்டாள்.

“வெண்ணெய் இல்லாம கல்யாணக் கேக்கா? அதுக்குப் பேரு ரொட்டி!”

“ஓட்ஸ் பால்ல க்ரீம் கெடைக்குதாம்.”

“ஓட்ஸ் குதிர திங்கிறது.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே கத்தரிக்காயை நீளநீளமாக நறுக்கி, வேகவைத்து, வினிகர், சர்க்கரை, வெங்காயம், பிரிஞ்சி இலையெல்லாம் போட்டு, ஊறுகாய் மீன் செய்கிற அதே பக்குவத்தில் ஊறவைத்தாள். ஒன்றும் சொல்லாமல் ஸ்டூரே முன்னால் வைத்தாள். உனக்கு ஸ்டூரேயைத் தெரியும், ஓய்வுபெற்ற தபால்காரர், குறை சொல்வதற்கென்றே சாப்பிட வருகிறவர். மூன்று துண்டு தின்றுவிட்டு “இந்த வருஷம் மீனு நல்லா கொழுப்பா இருக்கு” என்றார். தெக்லா உள்ளே ஓடி வந்து என் தோளில் முகம் புதைத்துச் சிரித்தாள். அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை.

எல்லாம் இப்படிச் சுலபமாக நடக்கவில்லை. பீட்ரூட் உருண்டை வாணலியிலேயே கரைந்து போயிற்று. முதல் கேக்கை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. விஷயம் வெளியே கசிந்ததும் ஸ்டூரே “இது கல்யாணமா, விரதமா?” என்று கேட்டார். ஏவர்ட்டின் அண்ணன் தான் வரப்போவதில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வராவிட்டால் போகட்டும்.

ஏவர்ட் நாலு நாளாகப் புகைக்கூண்டுக்குள்தான் குடியிருக்கிறார். அடுப்புக்கு மேலே இருக்கிற புகைக்குழாய், காற்றாடி, சுவர் இடுக்கு ஒன்று விடாமல் சுரண்டிக் கழுவுகிறார். எத்தனையோ வருஷத்துக் கொழுப்பு, தார் மாதிரி வருகிறது. திரைச்சீலைகளை எரித்துவிட்டேன். சுவருக்குப் புது வண்ணம். இனி கல்யாணம்வரை கடையை மூடிவைக்கிறேன்.

நீ வா.

உன் அக்கா

*

லிக்செலே
ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

எனக்காக ஊரையே பட்டினி போடாதே. இது உன் கல்யாணம். ஏவர்ட்டின் அண்ணன் வராமல் போவதற்கு நான் காரணமாக வேண்டாம். அதற்கு மேலும் ஒன்று: நீ சுவரையே இடித்துக் கட்டினாலும், கைப்பிடியைத் தொட்டதும் எனக்குள் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. வருகிறேன் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் வேலியோரம் போய் நின்றால் உனக்குத்தான் அவமானம்.

வாக்குக் கொடுக்க முடியவில்லை. தெக்லாவின் கத்தரிக்காயை நினைத்துச் சிரித்தேன். ராக்ன்ஹில்டுக்கும் சொன்னேன்.

ஆல்கோட்

*

ஏக்பி
ஆகஸ்ட் 14

அன்புள்ள ஆல்கோட்,

சீக்கிரம் உன் அத்தானாகப் போகிற ஏவர்ட் எழுதுகிறேன். சுகம்தானே? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கை முழுக்கக் கரி வேறு. காகிதம் அழுக்காக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்றைக்கு உன்னை இழுத்துப் போட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இன்னொரு தடவை நடந்தாலும் இழுப்பேன். நீ என் கையைக் கடித்தாய், அதன் தழும்பு இருக்கிறது. அதற்கு வேண்டுமானால் நீ மன்னிப்புக் கேட்கலாம்.

புகைக்கூண்டைப் பற்றி ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன்: சுத்தமாக இருக்கிறது. என் மூக்கை நம்பு. உனக்கு எது நாறுமோ அது எனக்கும் நாறும்.

உள்ளே வர முடியாவிட்டால் முற்றத்தில் நில். முற்றமும் நம் கடைதான். நான் வந்து உன்னோடு நிற்கிறேன். குன்வோருக்கு அவமானம் என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு அவமானமா? அவளை உனக்குத் தெரியாதா!

ஏவர்ட்

*

ஏக்பி
செப்டம்பர் 1

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? வழியில் எங்காவது வண்டியை நிறுத்திக் கொஞ்சம் தூங்கினாயா? கல்யாணப் பெண்ணாகிய நான் நலம். இத்தனை ஆட்டம் ஆடியும் முழங்கால் வாய் திறக்கவில்லை.

நீ முற்றத்தில் இருந்தபோது உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது அல்லவா? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் வண்டி வந்ததை முதலில் பார்த்தவள் தெக்லா. உடனே சமையலறைக் கதவில் நின்று அறிவித்தாள்: “எல்லாரும் கேளுங்க! ஜன்னல் பக்கம் திரும்புறவங்களுக்கு கேக் கெடயாது.” அறுபது பேரும் கழுத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பாதிரியாரும்தான். ஏவர்ட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உன்னிடம் வந்தார். நான் வரவில்லை. கால் துடித்தது, ஆனால் வரவில்லை. நான் வந்தால் எனக்காக நீ உள்ளே வந்துவிடுவாய், அது எனக்கு வேண்டாம்.

காளான் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. ஸ்டூரே மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டே “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று முணுமுணுத்தார். “வாய மூடுய்யா” என்று பாதிரியார் சொன்னார்.

அப்புறம் கதவு திறந்தது. மற்றது உனக்குத் தெரியும்.

நீ எழுந்து நின்று பேசியதைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். “அக்கா, கெழங்கு நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். கல்யாண விருந்தில் இதைவிடச் சின்னப் பேச்சை யாரும் கேட்டதில்லையாம். ஏவர்ட்டின் அண்ணனுக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று வந்து, மிச்சம் இருந்த கத்தரிக்காயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனி நடக்கப்போவதை மறைக்காமல் சொல்கிறேன். பன்றி இறைச்சியை என்னால் ஒரேயடியாக நிறுத்த முடியாது. வாரத்தில் மற்ற நாளெல்லாம் பழைய கடைதான். ஆனால் வியாழக்கிழமை கிடையாது. வியாழக்கிழமைச் சூப்பில் பட்டாணி, வெங்காயம், வாசனை இலை, கடுகு விழுது மட்டும். புதன் சாயங்காலம் ஏவர்ட் குழாயைக் கழுவித் தருகிறார். போன வியாழன் பாதிக் கூட்டம்தான் வந்தது. வந்தவர்கள் இரண்டாம் தரம் கேட்டார்கள். பார்க்கலாம்.

உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. வற்புறுத்தவில்லை. (வற்புறுத்துகிறேன்.)

குன்வோர்

*

லிக்செலே
செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கும் ஏவர்ட்டுக்கும்,

இங்கே நலம். உங்கள் இருவரின் நலமும் அப்படியே இருக்கட்டும். நீ உள்ளே நடந்ததைச் சொன்னாய். நான் வெளியே நடந்ததைச் சொல்கிறேன்.

முற்றத்தில் வண்டியை நிறுத்தியபின் நான் இறங்கவே இல்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். வெங்காயம் வந்தது. டில் வந்தது. காளான், எண்ணெய், புது வண்ணப்பூச்சு. அடுத்து அதுதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஏவர்ட் வந்து வண்டி மேல் சாய்ந்து நின்றார். கொஞ்சம் கழித்துச் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார். “நல்ல பல்லுய்யா ஒனக்கு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் பார்க்கிறேன், பசி எடுக்கிறது. அந்தக் கடை முற்றத்தில் இருந்துகொண்டு எனக்குப் பசி எடுக்கிறது, அக்கா! அப்புறம்தான் இறங்கி வந்து கடைக் கதவைத் திறந்தேன்.

நன்றாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். தட்டைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய்விட்டது. சொன்னது ஒன்றுதான் மிச்சம், அது உண்மை.

திரும்பும்போது என் பழைய பன்றிப் பண்ணைப் பக்கம் போனேன். இரண்டு வருஷமாகப் போகாத இடம். கொட்டகை இருந்த இடத்தில் முழங்கால் உயரம் புல். பக்கத்து வயலைக் கையால் தோண்டிப் பார்த்தேன். நல்ல மண், சும்மா கிடக்கிறது. வசந்தத்தில் ஏதாவது விதைக்கலாம். என்ன என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவரை வருமா, ஓட்ஸ் வருமா, பார்க்க வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே இருப்பேன்.

ராக்ன்ஹில்டிடம் சொல்லிவிட்டேன். நாற்றுகளைக் குளிருக்கு மூடிவைத்ததும் அக்டோபர் கடைசியில் கிளம்புகிறேன். அவளுக்கு வருத்தம்தான், அவரைக் குழம்புச் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டாள். எனக்கு வரும் தபாலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டாள். பண்ணை வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது, அங்கே தபால்காரர் போவதில்லை. அதனால் “ஏக்பி, கடை” என்று சொன்னேன்.

“எந்தக் கடை?” என்றாள்.

“ஏக்பியில ஒரு கடதான். எங்க அக்கா கட.”

எனவே எனக்கு ஏதாவது கடிதம் வந்தால் நீயே பிரித்துப் படித்துவிடு. எப்படியும் படிக்கத்தான் போகிறாய். வியாழக்கிழமை நான் வரும்போது என்ன எழுதியிருந்தது என்று சொன்னால் போதும்.

உன் தம்பி,
ஆல்கோட்